வாத்தியத்துக்குக் கண்ணீர், வாசித்தவனுக்குத் தெருவோரம்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பரொருவரின் நீண்ட மின்னஞ்சல் வந்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு படித்தவர். 1990களின் தொடக்கத்தில், மின்சாரமும் இல்லை, மின்கலம் வாங்கவும் வழியில்லை என்றிருந்த இரவுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் ஒலிநாடா கேட்டவர்கள் நாங்கள். சுற்றும் கை சோர்ந்தால் பாட்டும் சோரும். அவ்வாறு நாங்கள் கேட்டுத் தேய்த்த நாடாக்களுள் ஒன்று 'வெதர் றிப்போர்ட்' என்னும் அமெரிக்க ஜாஸ் குழுவினுடையது. அதில் பேஸ் கிற்றார் வாசித்தவரின் பெயர் ஜாக்கோ பஸ்தோரியஸ்.

நண்பரின் மகனுக்கு இப்பொழுது இருபத்தைந்து வயதாகிறது. அவனும் பேஸ் கிற்றார் வாசிப்பவன். அந்நகரில் காலமான ஓர் இசைக்கலைஞரின் குடும்பத்தாரிடமிருந்து 1960களில் செய்யப்பட்ட 'பென்டர்' பேஸ் ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறான். விரற்பலகையின் மெட்டுகள் தேய்ந்து தகடாகியிருந்தனவாம். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருள் இரண்டில் ஒன்று செத்துப்போயிருந்ததாம். பையன் மெட்டுகளை மாற்றினான். சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றுவித்தான். துருவேறிய குதிரையைக் கழற்றிப் புதியது பூட்டினான். இப்பொழுது வாராவாரம் மேடையில் அதை வாசிக்கிறான்.

இதற்காக அவன் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. "புனிதப் பொருளைக் கெடுத்தவன்" என்றனர் சிலர். "இறந்தவரின் கல்லறையைத் தோண்டியவன்" என்றார் ஒருவர். பையன் மனமுடைந்து போயிருக்கிறான். நண்பர் கடைசி வரியில் கேட்டிருந்தார்: "மச்சான், பெடியன் செய்தது பிழையோ? நீ எழுதுகிறவன், நீ சொல்லு."

பிழையே இல்லை என்று ஒரு வரியில் அன்றே பதில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரியோடு என் கோபம் அடங்கவில்லை. ஆகவே இக்கட்டுரை.

முதலில் ஜாக்கோவின் வாத்தியத்தையே எடுத்துக்கொள்வோம். உலகிலுள்ள பேஸ் கிற்றார்கள் அனைத்திலும் அதிகம் வணங்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். 1962இல் செய்யப்பட்ட பென்டர் 'ஜாஸ் பேஸ்' அது. 'ஊழிக்கால பேஸ்' என்று பொருள்படும் பட்டப்பெயரொன்றும் அதற்கு உண்டு. அதன் சிறப்பு யாது? அதில் மெட்டுகள் இல்லை. வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வேறுபாடு நம்மவர்க்குத் தெரியும். மெட்டில்லாத பலகையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். சுரத்தின் இடத்தைக் காட்ட அங்கே வரம்பு எதுவும் இல்லை, காதுதான் வழிகாட்டி. 1976இல் வெளிவந்த ஜாக்கோவின் முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள் இது பேஸ்தானா என்று திகைத்ததற்கு அந்த வழுக்கலும் அதற்குள் இருந்த பாடும் குரலுமே காரணம். அதே ஆண்டில் அவர் வெதர் றிப்போர்ட்டில் சேர்ந்தார்.

ஆனால் தொழிற்சாலையிலிருந்து அந்த பேஸ் மெட்டுகளோடுதான் வெளியே வந்தது. வெண்ணெய்க் கத்தியால் தாமே அவற்றைப் பிடுங்கியதாக ஜாக்கோ சொல்லியிருக்கிறார். மெட்டுகள் கழற்றப்பட்ட நிலையில்தான் அது தம் கைக்கு வந்தது என்றும் வேறொரு வேளையில் சொல்லியிருக்கிறார். எது மெய்யாயினும், மெட்டு இருந்த பிளவுகள் மர மக்கால் அடைக்கப்பட்டன. முறுக்குக் கம்பி சுற்றிய உருக்குத் தந்திகள் பலகையை அரம்போல அராவும் என்பதால், படகுகளுக்குப் பூசும் எபொக்சிப் பசையை அதன்மேல் பூசி, கண்ணாடிபோல் இறுகச் செய்தார் அவர். வாத்தியத்தின் முகப்புத் தகட்டைக் கழற்றி எறிந்தார். காந்தச் சுருள்களை மூடியிருந்த உலோக மூடிகளையும் விட்டுவைக்கவில்லை.

இன்று தூய்மை பேசுவோரை நான் கேட்கிறேன்: 1970களில் நீங்கள் புளோரிடாவில் இருந்திருந்தால் அந்த இளைஞனை என்னவென்று திட்டியிருப்பீர்கள்? அரிய ஜாஸ் பேஸ் ஒன்றைக் கத்தியால் குதறியவன் என்றல்லவா? நீங்கள் கும்பிடும் அந்த ஒலி, நீங்கள் பாவமென்று பழிக்கும் அதே செயலால் பிறந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 1980களின் நடுப்பகுதியில் அந்த பேஸ் துண்டு துண்டாக உடைந்தது. உடைத்தவர் ஜாக்கோ. மனநோயும் மதுவும் அவரைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. புளோரிடாவின் கைவினைஞர்களான கெவின் கோஃப்மனும் ஜிம் ஹமில்ற்றனும் அத்துண்டுகளைப் பொருத்தி ஒட்டி மறுபடியும் வாசிக்கத்தக்க வாத்தியமாக ஆக்கிக் கொடுத்தார்கள். ஆகவே இன்று உலகம் கொண்டாடும் அந்தப் பொருள் ஒருமுறை மெட்டிழந்தது, ஒருமுறை பசை பூண்டது, ஒருமுறை நொறுங்கி ஒட்டப்பட்டது. இதில் 'மூல நிலை' எந்த நிலை? பதில் வைத்திருப்பவர்கள் சொல்லட்டும்.

ஜாக்கோ விதிவிலக்கு என்று சிலர் வாதிக்கலாம். மேதைக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு வேறு நீதி என்னும் பழைய வாதம் அது. அப்படியானால் அந்த வாத்தியத்தை வடிவமைத்தவரிடமே போவோம். லியோ பென்டர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடை தொடங்கியவர். பழுது பார்ப்பவனின் மூளை அவருடையது. 1951இல் அவர் வெளியிட்ட 'பிரசிஷன் பேஸ்', 1960இல் வெளியிட்ட ஜாஸ் பேஸ் ஆகிய இரண்டிலும் அந்த மூளையின் அடையாளம் உண்டு. கிற்றாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவது பழைய மரபு. லியோ அதை நான்கு திருகாணிகளால் பூட்டினார். கழுத்து கோணினால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். சுருள், குமிழ், குதிரை யாவும் திருகாணியில் நிற்பவை. ஒரு திருப்புளியும் ஈயப்பற்று வைக்கும் கோலும் போதும்.

பாகங்கள் தேயும், தேய்ந்தவை மாற்றப்படும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்ட வாத்தியம் இது. அதைக் கழற்றுவதே பாவம் என்பவர்கள், செய்தவனின் கருத்தைச் செய்தவனுக்கே எதிராகத் திருப்புகிறார்கள். மெட்டு என்பது மென்மையான உலோகம்; உருக்குத் தந்தி அதன்மேல் உரசினால் தேயாமல் என்ன செய்யும்? காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி தலைமயிரின் அளவே தடிப்பானது. அதன் காப்புப் பூச்சு அறுபது ஆண்டுகளில் வெடிக்கும். குமிழின் உள்ளே தூசி படிந்து கரகரக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் மிஞ்சுவது பல்வகை மரமும் சில இறாத்தல் இரும்புமே.

மேல்நாட்டுச் செவ்வியல் இசையுலகம் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டது. ஸ்ட்ராடிவாரியின் வயலின்களைப் பற்றி மந்திரம்போல் பேசுகிறோம். ஆனால் மேடைகளில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவாரி ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் கழுத்து பின்னாளில் நீட்டப்பட்டோ புதிதாக மாற்றப்பட்டோ இருக்கிறது. உள்ளே தாங்கும் மரச்சட்டமும் மாற்றப்பட்டிருக்கிறது. பெரிய மண்டபங்கள் எழுந்தன, உரத்த ஒலி வேண்டியிருந்தது, கைவினைஞர்கள் மாற்றினார்கள். ஒக்ஸ்ஃபோர்ட்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1716இல் செய்யப்பட்ட 'மெசையா' என்னும் வயலின் கண்ணாடிக்குள் மௌனமாகத் தொங்குகிறது. செய்த அன்று இருந்தபடியே இருக்கிறது என்பதே அதன் புகழ். அதன் கழுத்தும் கூட 19ஆம் நூற்றாண்டில் நீட்டப்பட்டதுதான்.

இன்னொரு பக்கம் ஜெனோவா நகரைப் பாருங்கள். 1840இல் மறைந்த பகானினி, குவார்னேரி 1743இல் செய்த தம் 'பீரங்கி' வயலினைத் தாம் பிறந்த அந்நகருக்கே எழுதிவைத்தார். நகரம் அதைக் காவலோடு பேணுகிறது. ஆயினும் பகானினி பெயரால் நடக்கும் போட்டியில் வெல்லும் இளங்கலைஞர் கையில் அதைக் கொடுத்து வாசிக்கவும் செய்கிறது. பேணுதலும் வாசித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1987இல் மறைந்த ஜாக்குலின் டு பிரே வாசித்த 'டாவிடோவ்' செல்லோ, பின்னர் யோ-யோ மாவின் கைக்கு வந்தது. 1712ஆம் ஆண்டின் அந்த ஸ்ட்ராடிவாரியை, 1990களின் இறுதியில் பரோக் இசைப் பதிவொன்றுக்காகப் பழங்கால முறைக்கு மாற்றியமைப்பித்து வாசித்தார் அவர். டு பிரேயின் நினைவுக்கு அதனால் எந்த ஊனமும் வரவில்லை.

முந்நூறு வயது ஸ்ட்ராடிவாரிக்குப் பொருந்தும் நீதி அறுபது வயது பென்டருக்கு ஏன் பொருந்தவில்லை? காரணம் இசையில் இல்லை, சந்தையில் இருக்கிறது என்பது என் துணிபு.

1965இல் லியோ பென்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்டவை, பின் செய்யப்பட்டவை என்று ஒரு கோடு விழுந்தது. முன்னவற்றின் விலை ஏறியது. ஏறிய விலைக்கு ஓர் அகராதி தேவைப்பட்டது. 'மூலப் பூச்சு', 'மூலச் சுருள்', 'திறக்கப்படாத ஈயப்பற்று' என்ற சொற்கள் அவ்வாறு பிறந்தவை. மெட்டு மாற்றினால் இவ்வளவு குறையும், பூச்சு மாற்றினால் இவ்வளவு குறையும் என்ற கணக்கும் கூடவே பிறந்தது. வணிகன் தன் கணக்கை வைத்திருக்கட்டும், அது அவன் தொழில். அந்தக் கணக்கைப் பக்தி என்று பெயர் மாற்றி, வாசிப்பவன் தலையில் பாவமாகச் சுமத்துவதைத்தான் சகிக்க முடியவில்லை.

இந்தச் சந்தையின் முரண்நகை ஒன்றையும் சொல்லவேண்டும். 1999இல் பென்டர் நிறுவனம் ஜாக்கோவின் பெயரில் மெட்டில்லாத ஜாஸ் பேஸை விற்கத் தொடங்கியது. அதன் உயர்விலை வடிவத்தில் பூச்சின் உரிவுகளும் கீறல்களும் கூடத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டன! ஒரு மனிதன் இரவிரவாய் வாசித்து, வியர்த்து, விழுத்தி உண்டாக்கிய தேய்வை, புத்தம்புதிய மரத்தில் அளந்து வரைந்து விலைக்கு விற்றார்கள். போலித் தேய்வு பூசைக்குரியது. மெய்யான தேய்வைத் திருத்தி வாசிப்பவன் குற்றவாளி. நல்ல நியாயம்.

'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில் 1967இல் உடைந்த ஐந்து பேஸ்களின் பாகங்களை எடுத்து ஒரே வாத்தியமாக்கினார். 'ஃபிராங்கென்ஸ்டைன்' என்று பெயரும் வைத்தார். அவர் 2002இல் மறைந்த பின் அது லண்டன் ஏலத்துக்குப் போனது. ஐந்து பிணங்களிலிருந்து தைத்த அதன் 'மூல நிலை' எது என்று ஏலத்தில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் வழக்குரைஞனாகலாம், பத்திரிகையாளனாக இயலாது. பழைய வாத்தியம் ஓர் ஆவணம். எந்தக் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினார்கள், எந்தப் பூச்சைப் பூசினார்கள் என்பதை நாளைய ஆராய்ச்சியாளன் அதிலிருந்துதான் படிக்கவேண்டும். 1970களிலும் அதன் பின்னும் எத்தனையோ பழைய பேஸ்களின் உடலை உளியால் குடைந்து, அவ்வப்போது நாகரிகமாயிருந்த சுருள்களைத் திணித்தார்கள். நாகரிகம் போய்விட்டது, ஓட்டை நிற்கிறது. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆசைக்கு உளி எடுப்பவனும் தேவைக்குத் திருப்புளி எடுப்பவனும் ஒருவனல்லர்.

ஆகவே நான் வைக்கும் நிபந்தனைகள் மூன்று. திருகாணியால் மீளக்கூடிய மாற்றம் எதையும் தயங்காது செய்யலாம். மரத்தை வெட்டும் மாற்றத்துக்கு வாசிப்பின் தேவை தவிர வேறு காரணம் இருக்கக்கூடாது. கழற்றிய பாகம் எதையும் எறியலாகாது. தேய்ந்த மெட்டாயினும் ஓர் உறையிலிட்டு வாத்தியத்தின் பெட்டியிலேயே வைக்கவேண்டும். என்ன செய்தோம், எப்போது செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதி அதே பெட்டிக்குள் வைக்கவேண்டும். இம்மூன்றையும் செய்தவனை இறந்த கலைஞனின் வாரிசு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1986இல் ஜாக்கோவின் பேஸ் நியூயோர்க்கின் பூங்காவொன்றில் திருடப்பட்டது. உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞன் தன் வாத்தியத்தோடு பூங்கா இருக்கையில் ஏன் இருந்தான்? அவனுக்கு வீடில்லை. அக்காலத்தில் அவன் தெருவில் வாழ்ந்தான். மனநோய் மருத்துவமனைக்கும் தெருவுக்கும் இடையே அலைந்தான். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் புளோரிடாவின் வில்ற்றன் மனோர்ஸ் நகரில் இரவு விடுதியொன்றின் வாசலில் காவலாளி ஒருவனால் அடித்து நொறுக்கப்பட்டான். நினைவு திரும்பவேயில்லை. 1987 செப்ரெம்பர் 21ஆம் திகதி அவன் இறந்தபோது வயது முப்பத்தைந்து. அடித்தவன் சிறையில் இருந்தது சில மாதங்களே.

திருட்டுப்போன பேஸ் இருபதாண்டுகளுக்குப் பின் நியூயோர்க்கிலேயே வெளிப்பட்டது. வைத்திருந்தவருக்கும் ஜாக்கோவின் குடும்பத்துக்கும் வழக்காயிற்று. 2010இல் மெற்றாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் றொபேட் ட்ருஹியோ பணம் கட்டி அந்த வழக்கைத் தீர்த்துவைத்தார். அதே விலைக்கு எப்போது வேண்டுமானாலும் குடும்பத்தார் திரும்பப் பெறலாம் என்றும் வாக்களித்தார். ஜாக்கோவின் வாழ்க்கையை ஆவணப்படமாகத் தயாரித்தவரும் அவரே. அடிதடி றொக் வாசிப்பவன் கையில் ஜாஸ் மேதையின் வாத்தியமா என்று முகஞ்சுளிப்போருக்கு என் பதில் இது: குடும்பத்துக்குக் கதவைத் திறந்துவைத்தவன் எந்த இசை வாசித்தால் என்ன?

ஜேம்ஸ் ஜேமர்சனின் கதை இதனினும் கசப்பானது. டெட்ரொயிட்டின் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு அடியில் ஓடும் பேஸ் அவருடையது. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார். தம் 1962 பிரசிஷன் பேஸின் கழுத்தடியில் எழுத்துகளைச் செதுக்கியும் வைத்திருந்தார்; இன்றைய தூய்மைவாதி கண்டால் மயங்கி விழுவான். ஆண்டுக்கணக்காக இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டொன்றில்தான் மோட்டவுன் முதன்முறையாக அவர் பெயரை அச்சிட்டது. 1983இல் அந்நிறுவனத்தின் இருபத்தைந்தாண்டு நிறைவு விழாவில் அவர் மேடையில் இல்லை, பார்வையாளர் இருக்கையில் இருந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி நாற்பத்தேழு வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த பேஸ் களவு போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்று அது அகப்பட்டால் என்ன நடக்கும்? ஏலக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். யாரோ ஒரு கோடீசுவரர் வாங்கிக் குளிரூட்டிய அறையில் வைப்பார். அறுந்தாலன்றி மாற்றாத அந்தத் தந்திகளை மாற்றலாமா என்று மாநாடு கூட்டுவார்கள். உயிரோடிருந்த ஜேமர்சனின் பெயரை உறையில் அச்சிட ஒரு வரி மை கிடைக்காத உலகம், அவர் பேஸின் துருவுக்குப் பட்டுத்துணி விரிக்கும்.

நண்பரே, உம் மகன் அந்தப் பழைய பேஸை வாங்கியபோது இறந்தவரின் வீட்டாருக்குப் பணம் கிடைத்தது. அவன் மெட்டு மாற்றியபோது ஒரு கைவினைஞனுக்குக் கூலி கிடைத்தது. அவன் வாசிக்கும் ஒவ்வொரு கிழமையும், அந்த மரத்தை முன்பு வாசித்தவர் யாரென்று மேடையில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. பெயரைச் சொல்கிறானா என்று கேளும். சொல்லவில்லையாயின் அதுதான் அவன் செய்யும் ஒரே பிழை. இந்தக் கிழமையே திருத்திக்கொள்ளலாம். பழைய மெட்டுகளை எறியாமல் வைத்திருக்கிறானா என்றும் கேளும். மற்றவர்கள் கத்தட்டும். அன்று டைனமோ சுற்றிய கை எப்படிக் களைத்தது என்பது உமக்கும் எனக்கும் தெரியும். சுற்றாமல் விட்டிருந்தால் நாம் ஜாக்கோவைக் கேட்டிருக்கவே மாட்டோம்.